ரத்தத்தின் நிறத்தை மாற்றினால் போதுமா?

எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனின் அப்பா கேட்டிருக்கிறார்: “பையன் போனில் தினமும் பிஜிஎம்ஐ ஆடுகிறான். ஆளைத் தேடிப்போய்ச் சுடுவதைத் தவிர அதில் வேறொன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கேட்டால், ‘ரத்தம்கூடப் பச்சையாத்தான்ப்பா வருது, சும்மா இருங்க’ என்கிறான். இது அவனைக் கெடுக்குமா? நீங்கள் இருபது வருடத்துக்கு மேல் கேம் ஆடுகிறவர். கேம் உலகம் இப்போது எந்தப் பக்கம் போகிறது? கம்ப்யூட்டர் வாங்கும் யோசனை இருக்கிறது, அதில் அவனுக்கு என்ன வாங்கிப் போடலாம்?”

பச்சை ரத்தத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். 2020 செப்டம்பர் 2 அன்று இந்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. வன்முறைக்காகத் தடை செய்யவில்லை; நாட்டின் பாதுகாப்பு, பயனர்களின் தகவல் பாதுகாப்பு என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் அதையே கொஞ்சம் பட்டி டிங்கரிங் பார்த்து, பிஜிஎம்ஐ என்று பெயர் வைத்து, 2021 ஜூலையில் இறக்கியது. பெற்றோரைச் சமாதானப்படுத்தச் சில வேலைகள் செய்திருந்தார்கள். ரத்தம் பச்சையானது. ‘கில்’ என்று வந்த இடத்தில் ‘ஃபினிஷ்’ வந்தது. இது நிஜமல்ல, கற்பனை உலகம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நாளைக்கு 3 மணி நேரம்தான் ஆடலாம் என்றார்கள். கூடவே இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது: அவர்கள் நாளொன்றுக்கு அதிகபட்சம் 7,000 ரூபாய்தான் செலவழிக்கலாம்.

ஒரு சிறுவன், ஒரே நாளில், ஏழாயிரம் ரூபாய். இதைக் கட்டுப்பாடு என்று அறிவித்தார்கள். அன்றைக்கு என் நண்பர் கூட்டத்தில் எல்லோரும் பச்சை ரத்தத்தை வைத்துத்தான் மீம் போட்டுக்கொண்டிருந்தோம். நானும் நாலைந்து போட்டேன். இந்த ஏழாயிரத்தைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

கேம் பற்றிய சண்டை இத்தனை வருடமாக இப்படித்தான் நடக்கிறது. ரத்தம் கண்ணில் படுகிறது, அதைப் பிடித்துக்கொண்டு கத்துகிறோம். கல்லாப்பெட்டி கண்ணில் படுவதில்லை, அது பாட்டுக்கு நிறைகிறது.

ஆடுகிறவனுக்கு அந்த ரத்தம் என்னவாகத் தெரிகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் துப்பாக்கி கேம் ஆட ஆரம்பித்தது 2003 வாக்கில், திண்டுக்கல்லில் ஒரு ப்ரௌசிங் சென்டரில். மணிக்கு இருபது ரூபாய். எட்டு கம்ப்யூட்டரையும் கேபிளால் ஒன்றாக இணைத்துக் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் போட்டுவிடுவார் கடைக்கார அண்ணன். நாலுக்கு நாலு. எதிரணிக்காரன் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருப்பான்; ஹெட்ஷாட் வாங்கியதும் அவன் திட்டுவது நேராகவே காதில் விழும். எதிரிக்குப் பின்னால் சுவரில் சிவப்பாக ஒரு திட்டு தெறித்தால் எங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்: குண்டு பட்டிருக்கிறது, அவனுக்கு உயிர் பாதிதான் இருக்கும், ரஷ் அடி, அதாவது பாய்ந்து போய் முடி. கேரம் போர்டில் காய் குழிக்குள் விழுகிற சத்தம் மாதிரி அது ஒரு தகவல், அவ்வளவுதான். ஆட்டம் முடிந்ததும் எட்டுப் பேரும் ஒரே டீக்கடையில் நிற்போம்.

பச்சையாக மாற்றினாலும் மஞ்சளாக மாற்றினாலும் அந்தத் தகவல் மாறாது. உங்கள் மகன் அவ்வளவு அலட்சியமாகப் பதில் சொன்னதற்குக் காரணமும் அதுதான். ரத்தம் சிவப்பாக இருந்திருந்தாலும் அவன் கவனித்திருக்க மாட்டான். (ஐந்தாறு வயதுக் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறதென்றால் இந்தப் பேச்சையெல்லாம் எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குத் தகவலும் தெரியாது, ஆட்டமும் தெரியாது. ஆள் விழுவது மட்டும்தான் தெரியும்.)

கேம் என்றாலே ஏன் சுடுவதாகவே இருக்கிறது? நியாயமான கேள்வி. செய்கிறவர்களுக்குக் கொலைவெறி ஒன்றும் கிடையாது. பாதி கணக்கு, பாதி சோம்பேறித்தனம். உங்கள் கையிலிருந்து கேமுக்குப் போகிற சேதி பெரும்பாலும் இரண்டுதான்: எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள், பட்டனை அழுத்தினீர்களா. துப்பாக்கிக்கு இவ்வளவு போதும். நீங்கள் பார்க்கும் திசையில் ஒரு கற்பனைக் கோடு இழுப்பார்கள். எதிரியின் உடம்பைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத பெட்டிகள் இருக்கும். கோடு பெட்டியில் முட்டினால் பட்டது, முட்டாவிட்டால் படவில்லை. தலைப் பெட்டி என்றால் சேதம் அதிகம். பப்ஜி மாதிரியான கேமில் குண்டு தூரம் போகப்போகக் கீழே இறங்கும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். பட்டனை அழுத்திய மறு கணம் சத்தம், அதிர்வு, எதிரி சாய்வது எல்லாம் ஒன்றாக வந்துவிடும். மூளைக்கு இதைவிடச் சுத்தமான பதில் வேறென்ன வேண்டும்? இதே இடத்தில் ஒருவரைப் பேசிச் சமாதானப்படுத்தும் கேம் செய்வதென்றால் ஆயிரக்கணக்கில் வசனம் எழுத வேண்டும், நடிகர்களை வைத்துப் பேச வைக்க வேண்டும், அப்புறமும் ஆடுகிறவர் நாலு வரியில் ஒன்றைத் தொட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். முடியாது என்று சொல்லவில்லை. 2015-ல் டோபி ஃபாக்ஸ் ஏறக்குறைய தனியாளாகச் செய்த அண்டர்டேலில் ஒரு எதிரியைக்கூடக் கொல்லாமல் கடைசிவரை போக முடியும், அதுவும் பெரும் வெற்றி. ஆனால் அதற்கு யோசிக்க வேண்டும். துப்பாக்கிக்கு யோசிக்க வேண்டியதில்லை, அதனால் துறையில் முக்கால்வாசிப் பேர் யோசிப்பதில்லை. வன்முறை கேம் மேல் எனக்குள்ள பெரிய புகாரே இதுதான்: சலிப்பாக இருக்கிறது.

ரத்தத்துக்கு வேறு சாயம் பூசும் வேலை பிஜிஎம்ஐ கண்டுபிடித்ததும் அல்ல. 1993 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவில் மார்ட்டல் காம்பாட், டிவியில் இணைத்து ஆடும் வீட்டுக் கருவிகளுக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே ஆர்கேடுகளில், அதாவது காசு போட்டு ஆடும் கேம் கடைகளில், சக்கைப்போடு போட்ட சண்டை கேம். தோற்றவனின் தலையை முதுகெலும்போடு பிடுங்கி எடுப்பது போன்ற ‘ஃபேட்டாலிட்டி’கள்தான் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தன. நிண்டெண்டோ குடும்பத்துக்கான கம்பெனி என்று பெயர் எடுத்திருந்தது. தன் கருவிக்கு வரும் கேமில் ரத்தத்தை எடுத்துவிடச் சொன்னது. அதனால் குத்து விழும்போது சாம்பல் நிறத்தில் வியர்வை தெறித்தது. போட்டிக் கம்பெனியான சேகா கெட்டிக்காரத்தனமாக ரத்தத்தை உள்ளேயே ஒளித்துவைத்து, அதைத் திறக்க ஒரு குறியீட்டை வைத்தது: ஏ, பி, ஏ, சி, ஏ, பி, பி. இந்த வரிசையில் பட்டனை அழுத்தினால் ரத்தம் வரும். அந்தக் காலத்து அமெரிக்கப் பையன்களுக்கு வாய்ப்பாடு மறந்தாலும் இது மறக்காது. சேகா பதிப்புதான் அதிகம் விற்றது. அடுத்த ஆண்டு இரண்டாம் பாகம் வந்தபோது நிண்டெண்டோவும் வியர்வையைத் துடைத்துப் போட்டுவிட்டு ரத்தத்தையே வைத்துக்கொண்டது.

நடுவில் 1993 டிசம்பர் 9 அன்று, செனட்டர்கள் ஜோ லீபர்மனும் ஹெர்ப் கோலும் வாஷிங்டனில் இதைப் பற்றி விசாரணை வைத்தார்கள். நிண்டெண்டோவின் ஹோவர்ட் லிங்கனும் சேகாவின் பில் வைட்டும் செனட்டர்கள் முன்னாலேயே ஒருவரையொருவர் போட்டுக்கொடுத்தார்கள். ‘எங்கள் கடையில் ரத்தம் இல்லை, அவர்கள் கடையில்தான்’ என்கிற ரகம். குழந்தைகள் மேல் கவலையா, பக்கத்துக் கடை மேல் பொறாமையா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அந்த விசாரணைக்கு மறுநாள், டிசம்பர் 10, டூம் என்ற துப்பாக்கி கேம் வெளியானது! தேதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அரசு சட்டம் போட்டுவிடுமோ என்ற பயத்தில் துறையே முந்திக்கொண்டு 1994-ல் இ.எஸ்.ஆர்.பி என்ற தரப்படுத்தும் வாரியத்தை அமைத்தது. வயதைச் சொல்லும் எழுத்து அட்டையில் வர ஆரம்பித்தது அப்போதுதான்.

பச்சை ரத்தமும் பழைய சரக்குதான். 1997-ல் வந்த கார்மகெடான், பாதசாரிகள் மேல் கார் ஏற்றினால் மதிப்பெண் கொடுக்கும் கேம். பிரிட்டனில் தணிக்கை வாரியம் அனுமதி மறுத்ததும், பாதசாரிகளைப் பச்சை ரத்தம் சிந்தும் ஜாம்பிகளாக மாற்றி விற்றார்கள். ஜெர்மனியில் ரோபோக்களாக மாற்றினார்கள். கார் ஏற்றுவது மட்டும் எந்த நாட்டிலும் மாறவில்லை.

சரி, கெடுக்குமா கெடுக்காதா? 1999-ல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடத்திய இரண்டு மாணவர்களும் டூம் ஆடியவர்கள் என்று தெரிந்ததிலிருந்து இந்தக் கேள்வி சூடு பிடித்தது. ஆய்வுகள் குவிந்தன. ஆனால் ஆய்வகத்தில் மாணவர்களை ஒருவரையொருவர் அடித்துக்கொள்ள விட முடியாதே? அதனால் சுற்றுவழிகள் வைத்தார்கள். கொஞ்ச நேரம் கேம் ஆட வைத்து, அப்புறம் ஒரு போட்டி என்று சொல்லி, எதிராளியின் காதில் எவ்வளவு சத்தமாக, எவ்வளவு நேரம் இரைச்சல் விடலாம் என்று தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். இன்னொருவர் சாப்பிட எவ்வளவு காரமான சாஸ் வைக்கிறாய் என்று பார்ப்பதும் உண்டு. காரம் கூடினால் மூர்க்கம் கூடியது என்று அர்த்தம். இதில் கொஞ்சம் விளைவு தெரிந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரைச்சல் பட்டனிலிருந்து துப்பாக்கி வரைக்கும் ஒரு பாலம் கட்ட வேண்டும், அதை யாரும் கட்டிக் காட்டவில்லை.

2019-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு எனக்கு நம்பகமாகப் படுகிறது. 14, 15 வயதுள்ள 1,004 பிரிட்டிஷ் பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் வைத்துச் செய்தது. பிள்ளைகள் என்ன கேம் ஆடுகிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, அது எவ்வளவு வன்முறை என்பதை அதிகாரபூர்வத் தரப்படுத்தலை வைத்து முடிவு செய்தார்கள். பிள்ளையின் நடத்தையைப் பெற்றோரிடம் கேட்டார்கள். வன்முறை கேமுக்கும் மூர்க்கத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்க உளவியல் சங்கமும் தன் பழைய தீர்மானத்துக்கு ஒரு விளக்கம் கொடுத்தது: கத்துவது, தள்ளுவது போன்ற சின்ன மூர்க்கத்தோடு தொடர்பு உண்டு, ஆனால் நிஜ வன்முறைக்கு கேம்தான் காரணம் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை. இதை எங்கள் ஆட்கள் பாதியாக வெட்டி, ‘ஆதாரம் இல்லை’ என்பதை மட்டும் பகிர்வார்கள். தோற்றுப்போன பையன் போனைக் கட்டிலில் எறிவதைப் பார்த்த எந்த அம்மாவுக்கும் முதல் பாதி தெரியும். நானே எறிந்திருக்கிறேன். அது துப்பாக்கி கேமில்கூட இல்லை, கால்பந்து கேமில்.

சட்டம் போட்டும் பார்த்தார்கள். வன்முறை கேமைச் சிறுவர்களுக்கு விற்றால் 1,000 டாலர் வரை அபராதம் என்று 2005-ல் கலிஃபோர்னியா கொண்டுவந்த சட்டத்தை, 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று தள்ளுபடி செய்தது. நாம் குழந்தைகளுக்குச் சொல்லும் தேவதைக் கதைகளே ரத்தக்களறிதானே என்பது நீதிபதி ஸ்காலியா எழுதிய தீர்ப்பின் வாதங்களில் ஒன்று. (அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த லீலண்ட் யீ பிறகு ஊழல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2016-ல் 5 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். அவர் மேல் சாட்டப்பட்டவற்றில் துப்பாக்கிக் கடத்தல் சதியும் இருந்தது. இதை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.)

அதற்காக கேம் வன்முறை எல்லாமே எனக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என்னை உறுத்துவது வேறு இடங்களில் இருக்கிறது. 2002 ஜூலை 4 அன்று அமெரிக்க ராணுவமே ‘அமெரிக்காஸ் ஆர்மி’ என்று ஒரு கேமை இலவசமாக வெளியிட்டது. ஆள் சேர்ப்புக்குத்தான். 2022 வரைக்கும் இருபது வருடம் ஓடியது. மார்ட்டல் காம்பாட்டை ஆடிவிட்டு யாரும் முதுகெலும்பு பிடுங்கும் வேலைக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை. இதை ஆடியவனுக்கு நிஜமாகவே விண்ணப்பப் படிவம் காத்திருந்தது. 2012-ல் மெடல் ஆஃப் ஹானர் வரிசையில் ஒரு கேமுக்கான விளம்பரத்தில், அதில் வரும் துப்பாக்கிகளைச் செய்யும் நிறுவனங்களின் இணையதளத்துக்கே சுட்டி கொடுத்திருந்தார்கள். எதிர்ப்பு வந்ததும் எடுத்தார்கள். இன்னொன்று, 2019-ல் மார்ட்டல் காம்பாட்டின் பதினொன்றாம் பாகம் வந்த சமயம், அதில் வேலை செய்த ஒருவர் பெயர் சொல்லாமல் பேசியது. கிழிந்த உடம்பு தத்ரூபமாக இருக்க வேண்டும் என்பதற்காக நிஜக் கோரப் படங்களை நாள்முழுக்கப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் போய், கடைசியில் மனநல மருத்துவரிடம் போனதாகச் சொன்னார். ஆடுகிற நாம் அந்தக் காட்சியை மூன்று நொடி பார்த்துவிட்டு அடுத்த ரவுண்டுக்குப் போகிறோம்.

இப்போது கல்லாப்பெட்டி. 2006-ல் ஆப்ளிவியன் என்ற கேமில் குதிரைக்கு ஒரு கவசத்தை 2.50 டாலருக்கு விற்றார்கள். அதனால் ஆட்டத்தில் பெரிய பிரயோஜனம் ஒன்றும் இல்லை. ஊரே சிரித்தது. இன்றைக்கு அந்தக் குதிரைக் கவசம்தான் துறைக்கே சோறு போடுகிறது. 2009-ல் ஃபிஃபா கேமில் ‘அல்டிமேட் டீம்’ வந்தது: சீட்டுக்கட்டை வாங்கு, பிரி, உள்ளே எந்த வீரர் இருக்கிறார் என்பது உன் அதிர்ஷ்டம். 2017-ல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட்டின் இரண்டாம் பாகத்தில், 60 டாலர் கொடுத்து கேமை வாங்கிய பிறகும் டார்த் வேடர் என்ற முக்கியப் பாத்திரத்தைத் திறக்கச் சுமார் 40 மணி நேரம் ஆட வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அதை நியாயப்படுத்தி நிறுவனம் எழுதிய பதில் ரெட்டிட் என்ற விவாதத் தளத்தின் சரித்திரத்திலேயே அதிக எதிர்ப்பு ஓட்டு வாங்கியது, ஆறரை லட்சத்துக்கும் மேல். அடுத்த ஆண்டு பெல்ஜியம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துப் பிரிக்கும் இந்தச் சீட்டுக்கட்டு ரகப் பெட்டிகள் சூதாட்டம்தான் என்று சொல்லிவிட்டது.

ஃபோர்ட்நைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சொட்டு ரத்தம் கிடையாது. சுடப்பட்டவன் நீல ஒளியாகக் கரைந்து போய்விடுவான். எந்த செனட்டரும் அதைத் தூக்கிக் காட்டிக் கத்த முடியாது. ஆட்டம் இலவசம், 2018, 2019 இரண்டே வருடத்தில் அது சம்பாதித்தது சுமார் 900 கோடி டாலர். 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் அதன் நிறுவனமான எபிக் மேல் நடவடிக்கை எடுத்தபோது கட்ட ஒப்புக்கொண்ட தொகை 52 கோடி டாலர். அதில் 24.5 கோடி, பட்டன்களைத் தந்திரமாக வைத்து ஆட்டக்காரர்களை வேண்டாததை வாங்க வைத்ததற்காக, அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது. மீதி குழந்தைகளின் தகவலைச் சேகரித்ததற்கு அபராதம்.

இந்தத் தந்திரத்தைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். என் அக்கா மகன் ஏழாவது படிக்கும்போது ஒரு கேமில் சக்கரம் சுற்றினான். கேமின் பெயர் வேண்டாம், எதுவாக இருந்தாலும் கதை ஒன்றுதான். அம்மாவின் போனில் யுபிஐ, பின் நம்பரை அவன் பார்த்து வைத்திருந்தான். முதல் சுற்று 9 ரூபாய். அடுத்தது 29. அப்புறம் 79. ஒவ்வொரு சுற்றிலும் அந்த நெருப்புச் சிறகு வைத்த ஜாக்கெட்டுக்கு ஒரு கட்டம் முன்னால் முள் நின்றது. காசை நேராகக் காட்டவும் மாட்டார்கள். டாப் அப் செய்து வைரமாகவோ நாணயமாகவோ மாற்ற வேண்டும். ஒரு சட்டை 500 நாணயம் என்றால் நாணயம் 400, 900 என்ற கட்டுகளில்தான் கிடைக்கும். 900 வாங்கினால் 400 மிச்சம். அந்த மிச்சம் வீணாகக்கூடாதே என்று அடுத்த தடவை. ஒரு மூலையில் கடிகாரம் வேறு: இந்தச் சலுகை இன்னும் 2 மணி நேரம்தான். இரண்டு சாயங்காலத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் போனது. அக்கா அவனை அடிக்கப் போனாள், நான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். “ஸ்கின் இல்லேன்னா பாட்னு கூப்பிடுறாங்க மாமா. ஸ்குவாட்ல சேக்க மாட்டேங்குறாங்க” என்றான். (ஸ்கின் என்பது கேமில் நம் ஆளுக்குப் போடும் உடை. பாட் என்றால் ஆள் இல்லாமல் கம்ப்யூட்டரே ஆட்டுவிக்கும் பொம்மை. ஸ்குவாட் என்பது கூட ஆடும் அணி.) அந்த கேமில் ஒரு துளி ரத்தம் இல்லை.

நம் ஊர்ச் சட்டங்கள் ரம்மிக்கும் போக்கருக்கும் பின்னால் ஓடின. ரம்மியில் பணத்தைத் தொலைத்து உயிரை விட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம், அதனால் அது நியாயம்தான். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் சட்டமும் வந்துவிட்டது. பணம் வைத்துப் பணம் எடுத்தால் சூதாட்டம் என்பது இப்போது எல்லோருக்கும் புரிகிறது. பணம் வைத்துச் சட்டை எடுத்தால் என்ன பெயர்?

தரப்படுத்துகிறவர்களுக்கே அது குழப்பம்தான். பலாட்ரோ என்று ஒரு சீட்டு கேம், 2024 பிப்ரவரியில் வந்தது. ஒரே ஆள் செய்தது. போக்கர் கைகளை வைத்துப் புள்ளி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். காசு கட்டவும் முடியாது, எடுக்கவும் முடியாது, உள்ளே விற்பனைக்கும் ஒன்றும் இல்லை. ஐரோப்பாவின் பெகி அமைப்பு இதற்கு 18 வயது என்று முத்திரை குத்தியது, போக்கர் சொல்லித்தருகிறதாம். அதே பெகி, சீட்டுக்கட்டுப் பிரித்து வீரர்களை எடுக்கும் கால்பந்து கேமுக்குக் கொடுத்திருந்தது 3 வயது. நானும் காசு பிடுங்கும் பெட்டிகளைச் சேர்த்தால் எனக்கும் 3 கிடைக்குமோ என்று அதைச் செய்தவர் கேலியாக எழுதினார். மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் 12 ஆகக் குறைத்தார்கள். சீட்டின் படம் கண்ணில் பட்டது, கல்லா படவில்லை. பச்சை ரத்தக் கதையேதான்.

துறை எங்கே போகிறது என்றால், பெரிய கம்பெனிகள் எல்லாம் வருடக்கணக்கில் காசு கறக்கும் ஒரே கேமைத் தேடி ஓடி, தடுக்கி விழுந்துகொண்டிருக்கின்றன. சோனி பல ஆண்டுகள் செலவழித்துச் செய்த கான்கார்ட் 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்தது, இரண்டே வாரத்தில் கடையைச் சாத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆக்டிவிஷன் பிளிசார்டை மைக்ரோசாஃப்ட் சுமார் 6,900 கோடி டாலருக்கு 2023 அக்டோபரில் வாங்கி முடித்து, மூன்றே மாதத்தில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பியது. நல்ல பெயர் வாங்கிய கேமைச் செய்த டேங்கோ கேம்வொர்க்ஸையும் 2024 மே மாதம் மூடுவதாக அறிவித்தது. பிறகு அதை எடுத்துக்கொண்டது, வேடிக்கை என்னவென்றால், உங்கள் பையனின் பிஜிஎம்ஐயைச் செய்கிற அதே கிராஃப்டன். காசு கொடுத்து வாங்கிய கேமும் உங்களுடையதில்லை என்றாகிவிட்டது: தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வரை 2024 மார்ச் 31-ல் நிறுத்தினார்கள், வாங்கி வைத்தவர்களுக்கு டிஸ்க் மட்டும் மிச்சம். அதற்கு எதிராகக் கிளம்பிய இயக்கம் ஐரோப்பாவில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. நல்லது நடப்பதெல்லாம் சின்ன இடங்களில்தான். 2025 ஏப்ரலில் வந்த எக்ஸ்பெடிஷன் 33-ஐ பிரான்ஸில் சுமார் முப்பது பேர் கொண்ட குழு செய்தது, மூன்று நாளில் பத்து லட்சம் பிரதி விற்றது. ஒரே விலை, உள்ளே சக்கரம் கிடையாது.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. போனின் ஆப் ஸ்டோரில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் பாஸ்வேர்ட் கேட்கும்படி வைத்துவிடுங்கள். யுபிஐ பின்னை இன்றைக்கே மாற்றுங்கள். அவனுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்கள், அவனுக்குத் தெரியும். முன்பின் தெரியாத ஸ்குவாடோடு ஆடினால் வாய்ஸ் சாட்டை அணைத்துவிடச் சொல்லுங்கள். ஒரு நாள் ஹெட்ஃபோனைக் கழற்றி ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கேளுங்கள், அங்கே முப்பது வயது ஆட்கள் பன்னிரண்டு வயதுப் பையனைத் திட்டும் கெட்ட வார்த்தைகள்தான் அந்த கேமிலேயே மோசமான வன்முறை. நேரத்தைப் பொறுத்தவரை, ஆட்டத்தின் நடுவில் போனைப் பிடுங்காதீர்கள். ஒரு மேட்ச் அரை மணி நேரம் ஓடும், பாதியில் போனால் கூட ஆடும் மூன்று பேரையும் விட்டுவிட்டு ஓடியவன் ஆவான். ‘இந்த மேட்ச் முடிஞ்சதும் வை’ என்றால் சண்டை பாதி குறையும்.

கம்ப்யூட்டர் வாங்கினால் என்ன போடலாம் என்று கேட்டீர்கள். இட் டேக்ஸ் டூ என்று ஒரு கேம், 2021-ல் வந்தது. தனியாக ஆடவே முடியாது, இரண்டு பேர் வேண்டும். ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடலாம். இரண்டு கன்ட்ரோலர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தடவை காசு கொடுத்தால் போதும், உள்ளே கடை கிடையாது. விவாகரத்து செய்யப் போகிற ஒரு கணவனும் மனைவியும் மகளின் பொம்மைகளாக மாறிவிடுகிறார்கள், அதிலிருந்து வெளியே வர வேண்டும். உங்களுக்குப் பழக்கம் இல்லாததால் முதல் ஒரு மணி நேரம் கீழே விழுந்துகொண்டே இருப்பீர்கள், அவன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாதி வழியில் ஒரு பொம்மை யானை வரும், மகளுக்கு மிகவும் பிடித்த பொம்மை. அந்தப் பெண்ணை அழவைத்தால் சாபம் நீங்கும் என்று நம்பி, அம்மாவும் அப்பாவும் அந்த யானையை விளிம்பு வரைக்கும் இழுத்துப்போய்க் கீழே தள்ள வேண்டும். அது கெஞ்சும். கால் பிய்ந்து வரும், காது பிய்ந்து வரும், உள்ளே பஞ்சுதான். பட்டனை அழுத்தி இழுக்க வேண்டியது நீங்கள் இருவரும். நானும் என் மனைவியும் அந்த இடத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். தாண்டிப் போக வேறு வழி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தோம், இல்லை.